சனிக்கிழமைக் கூலி

ஒரு வாசகர் எழுதிய கடிதம் இது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

“சாமி, ஸ்தோத்திரம். எனக்கு 58 வயது. கீழ்ப்பழனி மலையில் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். அப்பா விட்டுப்போன 4 ஏக்கர், எனக்கும் அண்ணனுக்கும் பொது. குறிஞ்சி பூத்த வருஷம், 2006ல், அண்ணன் சீக்காகப் படுத்திருந்தார். பேங்க் லோனுக்குக் கையெழுத்து வேண்டும் என்று சொல்லி, ஜீப்பில் கூட்டிப்போய், அவர் பங்கை எனக்கு விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் பதிந்துவிட்டேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. என்னை நம்பினார். மூன்றாம் வருஷம் இறந்துவிட்டார். தெரிந்து இறந்தாரா, தெரியாமல் இறந்தாரா என்று எனக்குத் தெரியாது.

அண்ணி இப்போது என் தோட்டத்திலேயே பழம் பறிக்க வருகிறார். சனிக்கிழமை கூலியை நான்தான் எண்ணிக் கொடுக்கிறேன். அவருக்கு ஒரு மகள், கட்டிக்கொடுத்தாயிற்று. வருஷா வருஷம் அண்ணனுக்குப் பூசை வைக்கிறேன். இதுவரை ஐந்து முறை பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன், எல்லாம் வெளியூரில், தெரியாத சாமிமாரிடம். ‘ஒரு சொத்து விஷயத்தில் தப்புப் பண்ணிவிட்டேன்’ என்று சொன்னேன். மன்னிப்புக் கொடுத்தார்கள், அபராதமாக ஜெபமாலை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். தூக்கம் வரவில்லை.

கடவுள் என்னை மன்னித்துவிட்டாரா, இல்லையா? சிலுவையில் தொங்கிய நல்ல கள்ளன் எதையும் திருப்பிக் கொடுக்காமலே மோட்சம் போனானே, எனக்கு மட்டும் ஏன் இப்படி? பையனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வீட்டில் இவளுக்குக்கூட இது தெரியாது. இப்போது வெளியே வந்தால் மானம் போய்விடும். ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்ற வரிக்காரன் சகேயு மாதிரி கொடுக்க என்னிடம் வசதியும் இல்லை.”

அன்புள்ள சகோதரருக்கு,

மன்னிப்பு, மோட்சம், மானம் என்று பெரிய விஷயங்களையெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தது போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிதான். சனிக்கிழமை சாயங்காலம் அண்ணியின் கையில் கூலியை எண்ணி வைக்கிறீர்கள். அவர் பறித்த பழத்தில் பாதி அவர் வீட்டுடையது. தன் பழத்தைத் தானே பறித்ததற்கு அவருக்குக் கூலி.

லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில், சொத்தில் தன் பங்கை வாங்கிப்போய் அழித்துவிட்டுப் பன்றி மேய்க்கும் நிலைக்கு வந்த இளைய மகனை நினைத்துப் பாருங்கள். பன்றிக் கொட்டிலிலிருந்து எழுந்து வரும்போது ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு வருகிறான். அப்பா, பாவம் செய்தேன். உம் மகன் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதியில்லை. கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். மூன்று வாக்கியம். அப்பாவின் முன்னால் முதல் இரண்டைச் சொல்லி முடிக்கிறான். மூன்றாவதைச் சொல்ல அவர் இடம் கொடுப்பதில்லை. அதற்குள் வேலையாட்களைக் கூப்பிட்டு, உடுப்பு எங்கே, மோதிரம் எங்கே, செருப்பு எங்கே என்று ஆரம்பித்துவிடுகிறார். ‘கூலி’ என்ற சொல் அந்த வீட்டில் மகனுக்குப் பொருந்தவே கூடாது என்பதில் அந்த அப்பாவுக்கு அவ்வளவு அவசரம்.

உங்கள் கதையிலும் இளைய மகன் நீங்கள். அவன் கேட்டும் அவனுக்குக் கிடைக்காத கூலிக்கார இடத்தை, கேட்காத உங்கள் அண்ணிக்குக் கொடுத்து வைத்திருக்கிறீர்கள். சனிக்கிழமை இரவு தூக்கம் வராமல் இருப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. வந்திருந்தால்தான் கவலைப்பட்டிருப்பேன்.

சரி, உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். கடவுள் மன்னிப்பாரா என்பதில் சந்தேகமே வேண்டாம். தீயவன் சாக வேண்டும் என்பது என் விருப்பமில்லை, அவன் திரும்பி வந்து வாழ வேண்டும் என்கிறார் ஆண்டவர், எசேக்கியேல் 33ல். எத்தனை தடவை மன்னிக்க வேண்டும், ஏழு தடவையா என்று பேதுரு கேட்டபோது, ‘எழுபது தடவை ஏழு’ என்று இயேசு கணக்கையே கலைத்துவிட்டார். நம்மை அப்படி மன்னிக்கச் சொல்கிறவர் தான் மட்டும் ஐந்தாவது தடவையில் சலித்துக்கொள்ள மாட்டார். திருத்தந்தை பிரான்சிஸ் 2013 மார்ச்சில் பொறுப்பேற்று, முதல் ஞாயிறு மூவேளை ஜெபத்துக்கு மக்கள் முன் வந்து நின்றபோதே இதைத்தான் சொன்னார்: மன்னிப்பதில் கடவுள் களைப்பதில்லை, கேட்பதில் நாம்தான் களைத்துப்போகிறோம்.

நீங்கள் கேட்பதில் களைக்கவில்லை. ஐந்து முறை கேட்டிருக்கிறீர்கள். ஆனால் எப்படிக் கேட்டீர்கள் என்று பார்க்க வேண்டும்.

சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் படித்திருப்பீர்கள், நல்ல பாவசங்கீர்த்தனம் செய்ய ஐந்து காரியம் வேண்டும் என்று. பாவங்களை நினைவுக்குக் கொண்டுவருவது, மனஸ்தாபப்படுவது, இனிமேல் செய்வதில்லை என்று பிரதிக்கினை பண்ணுவது, குருவிடம் சொல்வது, அபராதம் தீர்ப்பது. இதில் முதல் இரண்டும் உங்களிடம் தாராளமாக இருக்கிறது. ஐந்தாவதையும் ஜெபமாலை உருட்டி முடித்துவிட்டீர்கள். நடுவில் இரண்டு இடறுகிறது.

ஒன்று, சொன்ன விதம். ‘சொத்து விஷயத்தில் ஒரு தப்பு’ என்பது பாவத்தைச் சொல்வதும் இல்லை, மறைப்பதும் இல்லை. துணி போட்டு மூடிக் காட்டுவது. வேலி தள்ளிப் போட்டதும் சொத்து விஷயத்தில் தப்புதான், வரி கட்டாததும் தப்புதான். சீக்காளி அண்ணனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டுபோய் ஏமாற்றியதை நீங்கள் இதுவரை எந்தக் குருவிடமும் சொல்லவில்லை. அந்தச் சாமிமாராவது கேட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். கேட்டிருக்கலாம்தான். திருவிழாக் கூட்டத்தில் பின்னால் நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது எல்லோரும் எல்லாவற்றையும் கேட்பதில்லை. நானும் கேட்காமல் விட்டதுண்டு. ஆனால் ஒரு பெரிய பாவத்தை வேண்டுமென்றே மறைத்தால் அந்தப் பாவசங்கீர்த்தனம் செல்லாது என்பது திருச்சபையின் போதனை. நீங்கள் மறைத்தீர்களா, வெட்கத்தில் குரல் இறங்கிப்போனதா என்பது உங்கள் மனச்சாட்சிக்குத் தெரியும். அதை இங்கே உட்கார்ந்துகொண்டு நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. எப்படியிருந்தாலும் இன்னும் ஒரே ஒரு தடவை, முழுசாக, ஜீப்பிலிருந்து தொடங்கிச் சொல்லிவிடுங்கள். எனக்கு எழுதியது அந்தக் கணக்கில் சேராது. கடிதத்தில் பாவசங்கீர்த்தனம் கிடையாது, நேரில் வந்துதான் ஆக வேண்டும்.

இரண்டாவது, பிரதிக்கினை. இனிமேல் செய்ய மாட்டேன் என்றால் என்ன அர்த்தம்? கோபத்தில் ஒருவனை அடித்தால், அடித்ததோடு முடிந்தது. இனி அடிக்க மாட்டேன் என்று சொல்லலாம். எடுத்துக்கொண்ட நிலம் அப்படியில்லை. அது 2006ல் ஒரு நாள் நடந்து முடிந்த காரியம் அல்ல. ஒவ்வொரு பறிப்பிலும், ஒவ்வொரு சனிக்கிழமையும் மறுபடி நடக்கிறது. அதனால்தான் பிறர் பொருளை எடுத்தவன் முடிந்தவரை திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று திருச்சபை ஆதியிலிருந்து சொல்லிவருகிறது. மன்னிப்புக்கு விலையாக இல்லை. வேறொருவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டே அவரிடம் மன்னிப்புக் கேட்க முடியாது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இதைப் படிக்கிற வேறு சிலர் தேவையில்லாமல் கலங்கிப்போவார்கள். மனம் அமைதியாகவில்லை என்றாலே பாவம் மன்னிக்கப்படவில்லை என்று அர்த்தமாகிவிடாது. கொடைக்கானலுக்குப் போகும் வழியில் செண்பகனூரில் இயேசு சபையாரின் திரு இருதயக் கல்லூரி இருக்கிறதல்லவா, 1895லிருந்து? அந்தச் சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாருக்கே இந்தச் சிக்கல் இருந்தது. 1522ல் ஸ்பெயினில் மன்ரேசா என்ற ஊரில் தங்கியிருந்தபோது, முன்பே எழுதிவைத்து மூன்று நாள் உட்கார்ந்து சொல்லி முடித்த பாவங்களையே மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார். ஏதோ விட்டுப்போயிற்று என்ற சந்தேகம். உயிரை விட்டுவிடலாமா என்கிற அளவுக்குப் போய்விட்டது. கடைசியில், பழையதை இனி எடுப்பதில்லை என்று முடிவு செய்த பிறகுதான் விடுதலை. இப்படிப்பட்டவர்கள் நம் பங்குகளிலும் இருக்கிறார்கள், பெரும்பாலும் ரொம்ப நல்லவர்கள். அவர்களுக்கு என் புத்தி ஒன்றுதான்: சொன்னதைத் திரும்பச் சொல்லாதீர்கள்.

உங்களுக்கு அந்தப் புத்தி பொருந்தாது. இஞ்ஞாசியாரிடம் செய்வதற்கு எதுவும் பாக்கி இல்லாமலே மனம் அரித்தது. உங்களிடம் பாக்கி இருக்கிறது, 2 ஏக்கர் அளவுக்கு.

நல்ல கள்ளனைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல கேள்வி, சிரிப்பும் வந்தது. அவன் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை, உண்மைதான். ‘இன்றே என்னோடு பேரின்ப வீட்டில் இருப்பாய்’ என்ற வாக்கு அவனுக்குக் கிடைத்தது. ஒரு காசு கொடுக்காமல், ஒரு ஜெபமாலை சொல்லாமல், சாகப்போகிற நேரத்தில். கடவுளின் இரக்கம் கூலி இல்லை, இனாம் என்பதற்கு அவனைவிடப் பெரிய சாட்சி கிடையாது. சாகக் கிடக்கும் ஒருவர் இதை என்னிடம் கேட்டால் நான் நல்ல கள்ளனைத்தான் காட்டுவேன், சகேயுவைக் காட்ட மாட்டேன். ஆனால் அவனுடைய இரண்டு கையும் ஆணியில் இருந்தன. உங்கள் கை சும்மாதானே இருக்கிறது?

சகேயுவுக்கு வருவோம். எல்லோரும் அந்த நாலு மடங்கையே பார்க்கிறார்கள். எனக்கு வரிசைதான் முக்கியமாகப் படுகிறது. இயேசுவைப் பார்க்க அவன் மரத்தில் ஏறி இருக்கிறான். முதலில் இயேசு மரத்தடியில் நின்று, இறங்கி வா, இன்று உன் வீட்டில்தான் தங்கப்போகிறேன் என்கிறார். பாவியின் வீட்டுக்குப் போகிறாரே என்று ஊர் முணுமுணுக்கிறது. அப்புறம்தான் சகேயு எழுந்து நின்று கணக்குப் பேசுகிறான். கொடுத்தால் வருவேன் என்று இயேசு சொல்லவில்லை. அவர் வந்துவிட்டதால் அவனுக்குக் கை இளகியது. நீங்கள் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முதலில் நிம்மதி வரட்டும், மன்னிப்புக் கிடைத்தது உறுதியாகட்டும், பிறகு மற்றதைப் பார்க்கலாம் என்று காத்திருக்கிறீர்கள். நிம்மதி அந்தப் பக்கம் இருக்கிறது, அண்ணி வீட்டு வாசலைத் தாண்டி.

நாலு மடங்கு என்பது சகேயு தனக்குத் தானே போட்டுக்கொண்ட கணக்கு. ஓர் ஆட்டைத் திருடி விற்றுத் தின்றவன் நாலு ஆடு தர வேண்டும் என்று விடுதலைப் பயணம் 22ல் இருக்கிறது. திருடனுக்கான அந்தத் தண்டனையைத்தான் அவன் எடுத்துக்கொண்டான். தானாக மனம் வருந்தி வருகிறவனுக்கு மோசேயின் சட்டமே கொஞ்சம் இளகியிருக்கிறது. எண்ணிக்கை 5ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்: முழுவதையும் திருப்பிக் கொடு, மேலே ஐந்தில் ஒரு பங்கு சேர். தீங்கு அனுபவித்தவன் உயிரோடு இல்லையென்றால் அவனுடைய உறவினனுக்குக் கொடு என்றும் அங்கேயே சொல்லியிருக்கிறது. அண்ணன் போய்விட்டார், இனி யாரிடம் கேட்பது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் மனசுக்குள் அந்தச் சாக்கு இருக்கும். அதற்குப் பதில் அங்கே எப்போதோ எழுதியாயிற்று.

வருஷா வருஷம் பூசை வைக்கிறீர்கள், நல்லது. அண்ணன் ஆத்துமாவுக்கு அது வீணாகாது. ஆனால் காணிக்கையைப் பீடத்தில் வைக்கும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டுப் போ, முதலில் அவனோடு நல்லுறவு செய்துகொண்டு வா என்று மத்தேயு 5ல் இயேசு சொன்னது உங்களுக்கும் தெரியும். ‘போ’ என்கிறார். கோவிலை விட்டே வெளியே அனுப்புகிறார்.

மனஸ்தாபம் என்ற சொல்லைப் பாருங்கள். ஜெபப் புத்தகத்தில் உத்தம மனஸ்தாப மந்திரம் என்றால் பாவத்துக்காக மனம் நோவது. ஊரில் ‘அவங்களுக்குள்ள மனஸ்தாபம்’ என்றால் பேச்சுவார்த்தை இல்லை என்று அர்த்தம். முதல் மனஸ்தாபத்தை ஐந்து ஊரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தீர்கள். இரண்டாவது வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் பக்கத்து வீட்டுக்கு மட்டும் போகவில்லை.

யூதாசையும் பேதுருவையும் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதும் என்று நீங்கள் நினைத்துவிடக்கூடாது. யூதாஸ் திருப்பிக் கொடுத்தவன். மத்தேயு 27ல் இருக்கிறது. குற்றமில்லாத ரத்தத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டு, அதற்குக் கூலியாக வாங்கிய 30 வெள்ளிக்காசையும் தலைமைக் குருக்களிடமே கொண்டுபோய்க் கொடுக்கிறான். ஒரு காசு குறையவில்லை. அதுவும் பாவத்தை வாயால் சொல்லித்தான் கொடுக்கிறான். ஆனால் போனது தப்பான வாசலுக்கு. எங்களுக்கென்ன, அது உன் பாடு என்கிறார்கள். காசை எறிந்துவிட்டு ஓடுகிறான். யாருக்குத் தீங்கு செய்தானோ அந்த முகத்தை அவன் மறுபடி பார்க்கவே இல்லை.

பேதுரு எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. இயேசு பிடிபட்ட இரவில், தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில் குளிர் காய்ந்துகொண்டே, அவரைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்தவன். அந்த முற்றத்தில் இருந்தது கரி நெருப்பு என்று யோவான் குறிப்பாக எழுதுகிறார். மூன்று அதிகாரம் தள்ளி, விடியற்காலையில் ஏரிக்கரையில் உயிர்த்த ஆண்டவர் மீன் சுட்டுக்கொண்டு காத்திருக்கிறார்; அங்கேயும் கரி நெருப்பு. நற்செய்தியில் கரி நெருப்பு வருவது இந்த இரண்டு இடத்தில்தான். மலையில் இருக்கிற நமக்கு இது சுலபமாகப் புரியும். மார்கழிக் குளிரில் கணப்பைச் சுற்றி உட்கார்ந்தால் எதிரே இருக்கிறவர் முகத்தைப் பார்க்காமல் தப்பிக்க முடியாது. பேதுருவையும் அப்படி எதிரே உட்கார வைத்து, சாப்பாடு போட்டு, அப்புறம் மூன்று தடவை ‘என்மேல் உனக்கு அன்பு உண்டா’ என்று கேட்கிறார். மூன்றாவது தடவை பேதுருவுக்கு மனம் வலித்தது என்று எழுதியிருக்கிறது. மன்னிப்புக் கிடைக்கிற இடத்திலும் வலி உண்டு. அதை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

கொடைக்கானல் சலேத் மாதா கோவில் திருவிழாவுக்கு நீங்கள் போயிருப்பீர்கள், ஆகஸ்ட் நடுவில். 1860களில் பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் கட்டிய கோவில். சலேத் என்பதும் ஒரு மலையூர்தான், பிரான்சில், ஆல்ப்ஸ் மலையில். 1846 செப்டம்பர் 19 அன்று மாடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகள், மெலானிக்கு 14 வயது, மாக்சிமினுக்கு 11, கைகளில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்த ஒரு பெண்மணியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அவர் மார்பில் தொங்கிய சிலுவையில் ஒரு பக்கம் சுத்தியல், மறுபக்கம் குறடு. சலேத் மாதா படத்தை உற்றுப் பார்த்தால் தெரியும். பாவிகளை ஒப்புரவாக்குகிற அன்னை என்ற பட்டமும் அவருக்கு உண்டு.

நான் முன்பு இருந்த பங்கில் ஒரு தச்சர், வயதானவர், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: “சாமி, குறடு இல்லாம நான் சுத்தியலைத் தொடமாட்டேன். அடிச்ச ஆணி கோணிக்கிட்டா பிடுங்கணும்ல. அடிக்கிறதுக்கு ஒரு நிமிஷம். பிடுங்கறதுக்குத்தான் பொறுமை வேணும், அவசரப்பட்டா பலகை பிளந்துடும்.” சுத்தியல் பாவம், குறடு மனம் திரும்புதல் என்று பிரசங்கத்தில் நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன். பலகையைப் பற்றி அவர் சொல்லும்வரை யோசித்ததில்லை.

அதனால் அவசரப்படாமல் எப்படிப் பிடுங்குவது என்று பார்ப்போம்.

முதலில் பாவசங்கீர்த்தனம். அது முடிந்ததும் உங்கள் வீட்டம்மாவிடம் சொல்லுங்கள். இத்தனை வருஷம் தெரியாமல் வைத்திருந்ததற்கு அவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். அண்ணி காதுக்கு முதலில் போய், அங்கிருந்து சுற்றி உங்கள் வீட்டுக்கு வந்தால் இன்னொரு வீடும் உடையும்.

பெண் பார்க்கிற விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. பெண் வீட்டாரிடம் 4 ஏக்கர் என்று சொல்லியிருப்பீர்கள். இப்போதே 2 ஏக்கர் என்று சொல்லிவிடுங்கள். அதற்காக விலகுகிற சம்பந்தம் விலகட்டும். கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தால், அண்ணனை ஏமாற்றியது போதாது என்று சம்பந்தியையும் ஏமாற்றியவர் ஆவீர்கள். மானத்தைப் பற்றிக் கேட்டீர்களே, எது மானம் என்று பையனுக்கு நீங்கள் கற்றுக்கொடுக்கக் கிடைத்த சந்தர்ப்பம் இதுவாகக்கூட இருக்கலாம்.

திருடியதைத் திருப்பிக் கொடுக்கிறவன் தன்னை ஊரறியக் காட்டிக்கொண்டுதான் ஆக வேண்டும் என்று திருச்சபை கட்டாயப்படுத்துவதில்லை. பணமாக இருந்தால் ஒரு குரு மூலமாகப் பெயர் சொல்லாமலும் சேர்ப்பிக்கலாம், நானே சேர்ப்பித்திருக்கிறேன். நிலத்தை அப்படிக் கொடுக்க வழியில்லை. பத்திரம் பதிய வேண்டும், பட்டா மாற வேண்டும், சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும். பெயர் வெளியே வந்தே தீரும். தவிர, அண்ணிக்கு எதுவும் தெரியாது என்று நீங்கள் நினைப்பதையே நான் நம்பவில்லை. ஜீப் ஓட்டியவர் ஒருவர், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் இருவர், மலைக்கிராமம். அண்ணிக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டேதான் சனிக்கிழமை கை நீட்டி வாங்குகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

நிலத்தை அண்ணி பெயருக்கு மட்டும் எழுதிவிட்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். கிறிஸ்தவர்களான நம் சொத்துக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். உயில் இல்லாமல் இறந்தவருக்கு மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. ஆக அண்ணன் மகளுக்குத்தான் பெரும்பங்கு. எந்த வகைப் பத்திரம், எவ்வளவு முத்திரைத் தீர்வை என்பதை ஒரு வக்கீலிடம் கேளுங்கள். அந்தச் செலவு உங்களுடையது.

எந்த 2 ஏக்கர் என்று ஒரு கேள்வி வரும். தண்ணீர் இருக்கிற பக்கம் எது, ரோட்டோரம் எது, மிளகு நன்றாக ஏறியிருக்கிற சில்வர் ஓக் எந்தப் பக்கம் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் கோட்டைப் போடுங்கள், எந்தப் பக்கம் வேண்டும் என்பதை அவர்கள் எடுக்கட்டும். இத்தனை வருஷத்து விளைச்சலும் பாக்கி இருக்கிறது. தெரிந்தே வைத்துக்கொண்டவன் பலனையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் முறை; உரம், கூலி, செலவு கழித்துக்கொள்ளலாம். ஒரே தடவையில் முடியாது என்று அவர்களிடமே சொல்லி, வருஷா வருஷம் பறிப்பு முடிந்ததும் இவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று அவர்கள் தள்ளினால் அது அவர்கள் பெருந்தன்மை. நீங்களாகத் தள்ளுபடி செய்துகொள்ளக்கூடாது.

கடைசியாக, அங்கே போய் என்ன பேசுவது. நான் குருவான புதிதில், ஒரு விதவையிடம், கொழுந்தன் செய்த துரோகத்தை மன்னித்துவிடுங்கள், ஆண்டவர் மன்னிக்கவில்லையா என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். அதற்குப் பிறகு நான் அங்கே இருந்தவரை கோவிலுக்கு வரவில்லை. துரோகம் செய்தவன் கேட்க வேண்டியதை நான் கேட்டேன், அதுவும் கேட்கக்கூடாத விதத்தில். இன்றுவரை அது என் கணக்கில்தான் இருக்கிறது.

அதனால் என்னை மன்னித்துவிடுங்கள் என்று அண்ணியை அவசரப்படுத்தாதீர்கள். கடவுள் என்னை மன்னித்துவிட்டார் என்றும் சொல்லாதீர்கள். அதைக் கேட்க அவருக்கு எந்த அவசியமும் இல்லை. காலில் விழுந்து அழுது, கடைசியில் அவர் உங்களுக்கு ஆறுதல் சொல்லும்படி ஆக்கிவிடாதீர்கள். நடந்தது இது, செய்தது நான், நிலம் உங்களுடையது, இந்தத் தேதியில் பதிந்து தருகிறேன். இவ்வளவு போதும். அவர் திட்டலாம். கதவைச் சாத்தலாம். அண்ணன் எப்படிச் செத்தார் தெரியுமா என்று ஆரம்பித்து, நீங்கள் இத்தனை வருஷம் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்ததைச் சொல்லிவிடலாம். நின்று கேளுங்கள். அவர் மன்னிப்பது அவருக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ள விஷயம். அதற்கு ஒரு மாதமும் ஆகலாம், நீங்கள் இருவரும் இருக்கும்வரை நடக்காமலும் போகலாம். கடவுளின் மன்னிப்பு அதற்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை.

2006ல் பூத்த குறிஞ்சி 2018ல் மறுபடி பூத்துவிட்டது. அடுத்தது 2030. அதுவரை இதை இழுக்காதீர்கள். நவம்பரில் பறிப்புத் தொடங்கிவிடும், அதற்கு முன்னால் 2ஆம் தேதி கல்லறைத் திருநாள். அண்ணன் கல்லறையில் மெழுகுதிரி ஏற்ற நீங்களும் போவீர்கள், அண்ணியும் வருவார். அந்த நாளுக்குள் பேசிவிடப் பாருங்கள்.

செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் நான் கோவிலில்தான் இருப்பேன். பஸ் ஏறி வாருங்கள். அந்த விடுதலைப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், வக்கீலிடம் போகுமுன் நானும் ஒருமுறை பார்க்கிறேன். அடுத்த சனிக்கிழமையிலிருந்து கூலியை நீங்கள் எண்ணிக் கொடுக்காமல் மேஸ்திரியிடம் விட்டுவிடுங்கள்.